நோவா உணர்த்தும் உள்ளுறை
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் 'கவிதையும் அறிவியலும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். தலைப்பு பெரிது, எனக்குத் தரப்பட்ட நேரமோ சிறிது. எனவே, அதனுள் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது நோவா எனப்படும் விண்மீன் வெடிப்பு. அவ்வெடிப்பிலிருந்து எக்ஸ் கதிர்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதே இன்றைய என் உரை. தமிழ் கற்பிப்பவளுக்கு இதில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். நான் செய்த பிழையொன்றைத் திருத்திக்கொள்ளும் வேலை இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நம் வட்டம் வெளியிட்ட கவிதைத் தொகுதி ஒன்றுக்கு நான் அணிந்துரை எழுதினேன். அதிலுள்ள ஒரு கவிதை, கவிஞனை நோவாவுக்கு ஒப்பிட்டது. ஒரு முறை முழுமையாக ஒளிர்ந்து, அந்த ஒளியிலேயே தன்னை அழித்துக்கொள்பவன் கவிஞன் என்பது அதன் கருத்து. அந்த உவமையைப் பெரிதும் பாராட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தொகுதி வெளிவந்த சில நாள்களில், நம் உறுப்பினரும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியருமான பெரியவர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. "அம்மையீர், அணிந்துரை நன்று. ஆனால், நோவா சாவதில்லை" என்ற இரண்டே தொடர்கள் அதில் இருந்தன.

அன்று எனக்குச் சிறிது சினம் உண்டாயிற்று. கவிதைக்கு இத்துணைக் கணக்கு வேண்டுமா என்று எண்ணினேன். ஆயினும், அதன்பின் நம் ஆண்டு மலர்களில் வந்த இரண்டு மூன்று கவிதைகளில் அதே உவமை மீண்டும் மீண்டும் தலைகாட்டியபோது, என் அணிந்துரைக்கும் அதில் பங்குண்டு என்பது உறைத்தது. பெரியவரிடமே சென்று கேட்டேன். அவர் சில நூல்களைக் கொடுத்தார். படித்தேன். படிக்கப் படிக்க, நாம் பாடிய பொய்யைவிட உண்மை எவ்வளவோ வளமுடையது என்பது தெரிந்தது. அதனையே இன்று தங்கள் முன் வைக்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். 'நோவா' என்பது இலத்தீன் சொல். 'புதியது' என்பது பொருள். 1572இல் வானில் திடீரெனத் தோன்றிய விண்மீனைக் கண்ட டென்மார்க் அறிஞர் டைக்கோ பிராகி, அடுத்த ஆண்டு அதைப் பற்றி எழுதிய நூலில் அதனைப் 'புதிய விண்மீன்' என்றே குறித்தார். அப்பெயர் நிலைத்துவிட்டது. இங்கு ஒரு வேற்றுமையை மனங்கொள்ள வேண்டும். டைக்கோ கண்டது இன்று சூப்பர்நோவா எனப்படும் வகையைச் சேர்ந்தது. அதில் விண்மீன் அழிந்தே போகிறது. நோவா என்பது அதனினும் மிகச் சிறிய, வேறு வகையான நிகழ்ச்சி. அதில் விண்மீன் அழிவதில்லை. நம் கவிஞரும் நானும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டோம். பெயரும் நம்மை ஏமாற்றியது. ஏனெனில், நோவாவில் தோன்றும் விண்மீன் புதியதும் அன்று. முதுமை எய்திய ஒன்றே அவ்வாறு ஒளிர்கிறது.

அம்முதிய விண்மீனை வெண்குறுமீன் என்பர். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் எரிபொருளைத் தீர்த்தபின், அதன் உட்பகுதி சுருங்கி எஞ்சுவது அது. பருமனில் ஏறத்தாழ நம் பூமியளவு. எடையிலோ சூரியனோடு ஒப்பிடத்தக்கது. அதன் பொருளில் ஒரு தேக்கரண்டியளவு எடுத்தால் பல டன் நிறையிருக்கும்.

இந்த வெண்குறுமீனின் கதையில் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற ஒருவருக்குத் தனி இடம் உண்டு. 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து நோக்கிக் கப்பலில் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், அப்பயணத்தில் ஒரு கணக்குப் போட்டார். அப்போது அவருக்கு வயது 19. வெண்குறுமீன் ஒன்று எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதே கணக்கு. சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது அவர் கண்ட எல்லை. அதற்கு மேல் எடை கூடினால் வெண்குறுமீன் வெண்குறுமீனாக நிற்க இயலாது. 1935இல் எடிங்டன் போன்ற பேரறிஞர் இதனை வெளிப்படையாக மறுத்தபோதும், கணக்கு நிலைத்தது. 1983இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. 1995இல் அவர் மறைந்தார். 1999இல் அமெரிக்கா விண்ணில் செலுத்திய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று அவர் பெயரையே சூட்டினர். அத்தொலைநோக்கி நம் உரையில் பின்னர் மீண்டும் வரும்.

இனி, வெடிப்பு எவ்வாறு நிகழ்கிறது என்று காண்போம். வெண்குறுமீன் தனித்திருந்தால் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே போகும், நோவாவாக ஒளிராது. அதற்கொரு துணைமீன் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர, துணைமீனின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ரஜன் வளி சிறிது சிறிதாக வெண்குறுமீனின்மேல் வந்து படிகிறது. பல ஆண்டுகள், பெரும்பாலும் பல்லாயிரம் ஆண்டுகள், இப்படிவு தொடர்கிறது. படிந்த அடுக்கின் அடிப்பகுதி நசுங்கிச் சூடேறுகிறது. ஒரு கட்டத்தில் அங்கு அணுக்கரு இணைவு தொடங்குகிறது.

இயல்பான வளி சூடேறினால் விரியும், விரிந்தால் குளிரும். சூரியன் தன் நெருப்பை அடக்கி ஆள்வது இம்முறையால்தான். வெண்குறுமீனின்மேல் நெருங்கிக் கிடக்கும் அந்த அடிப்பகுதியிலோ, வெப்பம் ஏறினாலும் அழுத்தம் அதற்கேற்ப உயர்வதில்லை. ஆகவே அது விரிந்து குளிர வழியில்லை. வெப்பம் இணைவை விரைவுபடுத்துகிறது. இணைவு வெப்பத்தை மிகுவிக்கிறது. வெப்பநிலை 10 கோடிப் பாகையைக் கடக்கிறது. இறுதியில் அடுக்கு முழுவதும் வெடித்துக் கிளம்பி, நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் முதல் சில ஆயிரம் கிலோமீட்டர் வரையிலான விரைவில் வெளியே பாய்கிறது. வெண்குறுமீனோ அடியில் அப்படியே இருக்கிறது. துணைமீனும் இருக்கிறது. படிவு மீண்டும் தொடங்குகிறது.

எக்ஸ் கதிர் எங்கே வருகிறது? கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சுவதை நாம் பார்த்திருக்கிறோம். முதலில் சிவக்கிறது, பின் மஞ்சளாகிறது, மேலும் காய்ந்தால் வெண்மையாகிறது. சூடு ஏற ஏற ஒளியின் தன்மை மாறுகிறது. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை; அதனால் அது நம் கண்ணுக்குரிய ஒளியைப் பொழிகிறது. ஒரு பொருளின் வெப்பம் இலட்சக் கணக்கான பாகைக்கு ஏறினால், அதன் ஒளியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் எல்லையைக் கடந்து, புற ஊதாவாகவும் எக்ஸ் கதிராகவும் ஆகிவிடும். மிகுந்த வெப்பம் எக்ஸ் கதிராகப் பேசும் என்பதை மட்டும் நினைவிற் கொண்டால் போதும்.

'எக்ஸ்' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். 1895இல் வில்ஹெல்ம் ரோண்ட்கன் இக்கதிரைக் கண்டபோது, அது யாதென அறியாமையால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடும் எழுத்தையே அதற்குப் பெயராக இட்டார். தமிழில் நாம் 'ஊடுகதிர்' என்கிறோம். மருத்துவமனைக்கு அது பொருத்தமான சொல்லே. ஆனால், நோவாவிலிருந்து வரும் மென்மையான எக்ஸ் கதிர்கள் எல்லாவற்றையும் ஊடுருவுவன அல்ல. அவற்றை வளிப்படலம் தடுத்துவிடும். நம் பூமியின் காற்றையும் அவற்றால் கடக்க இயலாது. எனவேதான் தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. சூரியனுக்கு அப்பாலுள்ள ஓர் எக்ஸ் கதிர் மூலத்தை முதன்முதலில் 1962இல் ஒரு ராக்கெட்டில் வைத்த கருவிதான் கண்டது. ஆகவே, இவ்வுரையில் ரோண்ட்கனின் சொல்லையே ஆள்கிறேன்.

இனி, நோவா எக்ஸ் கதிரை வீசும் காலங்கள் நான்கு.

முதலாவது, கண்ணுக்குத் தெரிவதற்கு முன். உள்ளே மூண்ட நெருப்பு மேற்பரப்பை எட்டும்போது, அடுக்கு இன்னும் விரிந்திருப்பதில்லை. சிறிய பரப்பு, பெரும் வெப்பம். எனவே, சில மணி நேரம் எக்ஸ் கதிர் மின்னி மறைய வேண்டும் என்று 1990ஆம் ஆண்டளவிலேயே அறிஞர் கணித்தனர். எந்த விண்மீன் எப்போது வெடிக்கும் என்று தெரியாமல் அந்தச் சில மணி நேரத்தைப் பிடிப்பது எவ்வாறு? முப்பது ஆண்டுகள் அது கணிப்பாகவே இருந்தது. 2019இல் செலுத்தப்பட்ட இரோசிட்டா என்னும் ஜெர்மானியத் தொலைநோக்கி, வானத்தைச் சுற்றிச் சுற்றி வருடிக்கொண்டிருந்தது. 2020 ஜூலை 7ஆம் நாள், தென்வானத்து ரெட்டிகுலம் மண்டலத்தின் ஓரிடத்தில் அது ஒரு பேரொளியைக் கண்டது. நான்கு மணி நேரத்திற்கு முன் அதே இடத்தைப் பார்த்தபோது அங்கு ஒன்றுமில்லை. நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் ஒன்றுமில்லை. அதன் வெப்பம் ஏறத்தாழ மூன்றே கால் இலட்சம் பாகை எனப் பின்னர்க் கணக்கிட்டனர். அதற்குப் பின்னரே அந்த நோவா கண்ணுக்குரிய ஒளியில் பொலிந்தது. வெறுங்கண்ணால் காணத்தக்க அளவுக்கு அது வளர்ந்திருந்தும், ஜூலை 15ஆம் நாள்தான் ராபர்ட் மெக்னாட் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து அதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். முதல் மின்னல் கண்ணில் படாமலே வந்து போயிருந்தது. இச்செய்தி 2022இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

இரண்டாவது, மோதலால் பிறப்பது. வெளியே பாயும் வளி, தனக்கு முன்னே மெதுவாகச் சென்றுகொண்டிருக்கும் வளியை முட்டுகிறது. விரைவெல்லாம் வெப்பமாகிறது. இதனைத் தெளிவாகக் காட்டுவது, பாம்பேந்தி எனப் பெயர்ப்படும் ஓபியூகஸ் மண்டலத்திலுள்ள ஆர்.எஸ். ஓபியூகி. 1898, 1933, 1958, 1967, 1985, 2006, 2021 ஆகிய ஆண்டுகளில் அது வெடித்திருக்கிறது. சாவதில்லை என்று அஞ்சலட்டையில் வந்த சொல்லுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதன் துணைமீன் ஒரு செம்பெருமீன். தன் வளியை ஓயாது காற்றாக வீசிக்கொண்டிருப்பது. வெடித்தெழும் அலை அக்காற்றை மோதுகிறது. 2006இல் ஸ்விஃப்ட் என்னும் செயற்கைக்கோள் வெடிப்பின் மூன்றாம் நாள் முதலே அதை நோக்கியது. மோதிய வளி கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் எக்ஸ் கதிர் வீசியதையும், நாள்தோறும் அலையின் விரைவு தணிந்து வெப்பம் குறைந்ததையும் அது பதிவு செய்தது. இந்தியா 2015இல் செலுத்திய ஆஸ்ட்ரோசாட், இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு நோவாவை 2019இல் இவ்வாறு நோக்கியது.

மூன்றாவதே என் உள்ளத்தை மிகவும் தொட்டது. நோவா பேரொளியோடு விளங்கும் நாள்களில் நாம் காண்பது எதை? வெண்குறுமீனை அன்று. அதனைச் சூழ்ந்து, சூரியனினும் பன்மடங்கு பெரிதாக விரிந்துவிட்ட வளிப்போர்வையின் புறப்பரப்பையே காண்கிறோம். விரிந்ததால் அது ஏறத்தாழ 10,000 பாகைக்குக் குளிர்ந்து, கண்ணுக்குரிய ஒளியை வீசுகிறது. உள்ளே எழும் எக்ஸ் கதிர்களை அப்போர்வை விழுங்கிவிடுகிறது. நாள்கள் செல்லச் செல்லப் போர்வை விரிந்து மெலிகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி குன்றுகிறது. நோவா மங்கிவிட்டது என்று பார்ப்பவர் குறிப்பெழுதுகின்றனர்.

உண்மையில் அது மங்கவில்லை. வெடிப்பில் வெளியேறாமல் எஞ்சிய ஹைட்ரஜன், வெண்குறுமீனின் மேற்பரப்பில் தொடர்ந்து எரிந்துகொண்டே இருக்கிறது. பல்லாயிரம் சூரியன்களுக்கு ஈடான ஆற்றலை அது பொழிகிறது. அந்த ஆற்றலின் மொத்த அளவு ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது. வெப்பநிலை மட்டும் பல இலட்சம் பாகையாக உயர, ஒளி முழுவதும் நம் கண்ணின் எல்லையைக் கடந்து எக்ஸ் கதிராகிறது. போர்வை போதிய அளவு மெலிந்த நாளில் அக்கதிர் வெளிப்படுகிறது. நாம் விளக்கணைந்தது என்று எண்ணித் திரும்பிய நேரத்தில், அங்கே முழு நெருப்பும் இருக்கிறது.

1983இல் தோன்றிய ஜி.க்யூ. மஸ்கே என்னும் நோவாவில், வெடித்து ஓராண்டுக்கு மேலாகிய பின்னர் எக்ஸோசாட் செயற்கைக்கோள் எக்ஸ் கதிரைக் கண்டது. வெடித்த நோவா ஒன்றிலிருந்து எக்ஸ் கதிர் வருவதை அறிந்தது அதுவே முதன்முறை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து ரோசாட் நோக்கியபோதும் அந்நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. 1992இல் அன்னம் மண்டலத்தில் தோன்றிய நோவாவோ, கண்ணுக்கு மறைந்த பின்னர், 1993இல் வானத்திலேயே மிகுந்த ஒளியுடைய மென் எக்ஸ் கதிர் மூலங்களுள் ஒன்றாக விளங்கி, பின்னர் எரிபொருள் தீர்ந்து அணைந்தது. எப்போது அணைகிறது என்பதைக் கொண்டு, எஞ்சியது எவ்வளவு, வெண்குறுமீனின் எடை எவ்வளவு என்பவற்றைக் கணிக்கின்றனர். எடை மிக்க வெண்குறுமீனில் இந்நெருப்பு விரைவில் அணைகிறது. எடை குறைந்ததில் நீடிக்கிறது. சந்திரசேகர் கண்ட எல்லையை நெருங்கும் வெண்குறுமீன்களை அறியவும் இதுவே ஒரு வழி.

நான்காவது, வெடிப்பெல்லாம் ஓய்ந்த பின்னர் வருவது. 1901 பிப்ரவரியில் எடின்பரோவைச் சேர்ந்த தாமஸ் ஆண்டர்சன் என்பவர், பெர்சியஸ் மண்டலத்தில் ஒரு நோவாவைக் கண்டார். சில நாள்களில் அது வானின் முதன்மையான விண்மீன்களுக்கு இணையாக ஒளிர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில்தான் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசை ரோண்ட்கன் பெற்றார். இரண்டுக்கும் தொடர்புண்டு என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். இன்று அந்நோவாவை ஜி.கே. பெர்சி என்பர். அங்கு வளி மீண்டும் வெண்குறுமீனின்மேல் விழுகிறது; விழும் விரைவால் சூடேறி எக்ஸ் கதிர் வீசுகிறது. 1901இல் எறியப்பட்ட வளியும் வெளியே இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் சந்திரா தொலைநோக்கி அதைப் படமெடுத்தது. அப்பதின்மூன்று ஆண்டுகளில் அலை பல ஆயிரம் கோடிக் கிலோமீட்டர் முன்னேறியிருந்தது. எக்ஸ் கதிரின் ஒளி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயினும் வெப்பம் பத்து இலட்சம் பாகையளவில் குறையாமல் இருந்தது. நூறாண்டுக்கு முன் வெடித்த ஒன்று இன்னும் பேசி முடிக்கவில்லை.

அன்பர்களே, இனி நம் துறைக்குத் திரும்புகிறேன். தொல்காப்பியர் உள்ளுறை உவமத்துக்குக் கருப்பொருளை நிலைக்களமாக்கினார். அதிலும் தெய்வத்தை விலக்கினார். ஏன் விலக்கினார் என்பதற்கு உரையாசிரியர் கூறுவன ஒருபுறமிருக்க, எனக்குத் தோன்றுவது இது. உள்ளுறையில், சொல்ல வந்த பொருள் வெளிப்படையாக வருவதில்லை. நீர்நாய் வாளையைக் கவர்வது மட்டுமே பாட்டில் வரும். தலைவனின் ஒழுக்கம் கேட்போர் உள்ளத்தில் விளங்கும். எனவே, நீர்நாயின் இயல்பைப் புலவரும் அறிந்திருக்க வேண்டும். கேட்போரும் அறிந்திருக்க வேண்டும். நீர்நாய் புல் மேயும் என்று ஒருவர் எழுதினால், அவருடைய விலங்கியல் மட்டும் பிழைபடுவதில்லை; உள்ளே வைத்த பொருளும் சிதைந்துவிடும். சங்கப் புலவர் கருப்பொருளைக் கூர்ந்து நோக்கியது இதற்காகவே என்று கருதுகிறேன்.

நமக்கு வாய்த்த புதிய கருப்பொருள்களுள் நோவாவும் ஒன்று. அதனைப் பிழையாக அறிந்ததால், நாம் அமைத்த உள்ளுறையும் பிழையாயிற்று. எரிந்து அழிவதே கவிஞனின் பெருமை என்று பாடினோம். நான் அதை மேடையேற்றினேன்.

இதன் விளைவு ஏட்டளவில் நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. நம் வட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மிகச் சிறப்பாக எழுதிய பெண் கவிஞர் சிலர், திருமணம், பணி, குழந்தை வளர்ப்பு என்றிருந்த காலத்தில் கூட்டங்களுக்கு வரவில்லை, இதழ்களிலும் எழுதவில்லை. நம் ஆண்டறிக்கை ஒன்றில் அவர்களை 'ஒளிர்ந்து மறைந்தோர்' என்று குறித்தோம். அவ்வறிக்கையை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். சென்ற ஆண்டு, அவர்களுள் ஒருவர் என் இல்லத்திற்கு வந்து, ஒரு துணிப்பையைத் தந்தார். உள்ளே எட்டுக் குறிப்பேடுகள் இருந்தன. ஒவ்வொரு கவிதைக்கும் கீழே நாள் குறிக்கப்பட்டிருந்தது. நாம் மறைந்துவிட்டார் என்று எழுதிய ஆண்டில் மட்டும் நாற்பத்தொரு கவிதைகள். அவற்றைப் படித்த இரவில்தான், பெரியவர் தந்த நூலில் நான் படித்திருந்த அந்த மூன்றாவது காலம் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

'நீறு பூத்த நெருப்பு' என்று நம் மக்கள் வழக்கில் ஒரு தொடர் உண்டு. நோவாவுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். அடுப்பில் நீறு பூத்தால் உள்ளிருக்கும் தணல் சிறிது சிறிதாகக் குறையும். நோவாவிலோ, எரிபொருள் உள்ளவரை தணல் குறைவதில்லை. இந்த வேறுபாட்டை அறிந்த ஒருவர் அத்தொடரை எடுத்தாண்டால், பழைய சொல்லுக்குப் புதிய வலிமை வரும். அறிவியல் கவிஞருக்குத் தரக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அத்தொகுதியின் மறுபதிப்பு வருமாயின், என் அணிந்துரையின் அந்தப் பக்கத்தை நீக்கிவிடுமாறு செயலாளர் அவர்களை இவ்வவையில் கேட்டுக்கொள்கிறேன். கவிதையைத் திருத்துவதும் திருத்தாமல் விடுவதும் அக்கவிஞரின் உரிமை. அவர் இவ்வவையில் இருக்கிறார். பிழையில் பெரும்பங்கு பாராட்டிய எனக்கே உரியது. ஆண்டறிக்கையில் 'ஒளிர்ந்து மறைந்தோர்' என்று எழுதிய வரியையும் இம்மலரிலேயே திருத்திவிட வேண்டும் என்பது என் இரண்டாவது வேண்டுகோள். அந்த எட்டுக் குறிப்பேடுகள் நூலாக வேண்டும் என்பது மூன்றாவது.

பத்தாண்டுகளில் நம் வட்டம் பலரை மேடையேற்றியிருக்கிறது. மேடையில் தெரிகின்ற ஒளியைப் பாராட்ட நாம் நன்கு கற்றிருக்கிறோம். தெரியாத ஒளியைத் தேடிச் செல்லும் பணியை அடுத்த பத்தாண்டில் மேற்கொள்வோமாக.

அஞ்சலட்டை எழுதிய பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, தாமதமாக விடை எழுதுகிறேன்: நோவா சாவதில்லை என்பதை அறிந்துகொண்டேன். நன்றி.